மாடித்தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், விதைப் பரிமாற்றம், மண்புழு உரப் பயிற்சி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வாசனைப் பை வேலையை, அதாவது மணமுள்ள பூவையும் இலையையும் உலர்த்திச் சிறு துணிப்பையில் அடைக்கும் வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உதிர்ந்த பூவெல்லாம் குப்பைக்குப் போகிறதே என்று ஓர் உறுப்பினர் ஆதங்கப்பட்டதில் பிறந்த யோசனை இது. எல்லாப் பூவும் இதற்கு ஆகாது. மல்லிகை பறித்த அன்று ஊரையே மணக்க வைக்கும். காய்ந்தால் வெறும் சருகு. மகிழம்பூவோ சுருங்கிப் பழுப்பேறிய பிறகும் நெடுநாள் மணக்கிறது. பாட்டிமார் புடவைப் பெட்டியில் அதைப் போட்டு வைத்தது சும்மா இல்லை. பன்னீர் ரோஜா இதழ், மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, எலுமிச்சைத் தோல் ஆகியவையும் நன்றாக வந்தன.

உலர்த்தும் பக்குவம் முக்கியம். சுள்ளென்ற வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். காற்றோட்டமான நிழலில், முறத்தில் மெலிதாகப் பரப்ப வேண்டும். கையில் எடுத்தால் இதழ் அப்பளம்போல் நொறுங்க வேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை நிறுத்தி வைத்தோம்.

அப்புறம், மணம் பறந்துவிடாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். நறுக்கிய வெட்டிவேர், பூலாங்கிழங்குப் பொடி, இடித்த சாம்பிராணி மூன்றையும் கொஞ்சம் கலந்து, மூடிய ஜாடியில் ஒரு மாதம் இருட்டில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிட்டோம். வெட்டிவேர் நம் மாடியிலேயே விளைந்தது. ஓராண்டுக்கு மேல் விட்டுச் செடிப்பையைக் கிழித்தபோது, மண்ணே தெரியாத அளவுக்கு வேர் பின்னிக் கிடந்தது.

கடை சென்ட் இரண்டு சொட்டு விடலாமா என்று பேச்சு எழுந்தது. வேண்டாம் என்றே முடிவானது. எனக்கும் அதுதான் சரி. செடி தரும் மெல்லிய மணத்துக்காகத்தானே இவ்வளவு பாடு!

பழைய பருத்திப் புடவைகளைக் கொடுத்தவர்களுக்கும், பை தைத்துத் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில், உரிய அனுமதி பெற்று, பூங்காவில் ஒரு மகிழங்கன்று நட வேண்டும் என முன்மொழிகிறேன். திருவொற்றியூரிலும் திருவண்ணாமலையிலும் தலமரமாக நிற்கும் மரம் அது. நல்ல நிழலும் தரும். இந்த முன்மொழிவையும் அறிக்கையையும் ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்