ஓட்டோ சீற் றெக்சீனில் ஒரு கைப்பை

கிளிநொச்சி

அன்பின் தோழிக்கு,

உன் குரல் பதிவும் படமும் கிடைத்தன. பரிசில் கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற அந்தப் பின்னல் பை ஆயிரக்கணக்கான யூரோவாம், "இதை நீ தைப்பியா?" என்று கேட்டுச் சிரிக்கிறாய். சிரி, சிரி. தைத்தாயிற்று. படம் பிறகு அனுப்புகிறேன், முதலில் கதையைக் கேள்.

இங்கே எல்லோரும் சுகம். காலபோகம் வெட்டி முடிந்தது. நெல் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு போன் பார்க்கிறாள்.

சரி, பைக்கு வருவோம். நீ அனுப்பியது பொட்டேகா வெனெட்டாவின் பை. 1966இல் இத்தாலியின் விசென்சாவில் தொடங்கிய கம்பனி. அவர்களிடம் முதலில் இருந்தவை துணி தைக்கிற மெசின்களாம். மொத்தத் தோலில் ஊசி இறங்காது. மெல்லிய தோலை எடுத்தால் பை தாங்காது. அதனால் மெல்லிய தோலை வார் வாராக வெட்டிப் பின்னிப் பலப்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். இதை வாசித்ததும்தான் எனக்குத் துணிவு வந்தது. அம்மாவின் பழைய கால் மெசினுக்கும் அதே வருத்தம்தானே! பின்னல் நமக்கென்ன புதிதா? பக்கத்து வீட்டு ஆச்சி சார்வோலையில் பெட்டி இழைக்கிறவ. படத்தைக் காட்டினேன். "ஒண்டு விட்டு ஒண்டு. இதுக்கோ இவ்வளவு காசு?" என்றுவிட்டு வெற்றிலையை மடித்தா.

தோலுக்கு நான் எங்கே போக? கண்டி வீதியில் ஓட்டோ சீற் தைக்கிற கடையில் வெட்டி மிஞ்சிய றெக்சீன் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். கரும்பச்சையில் நல்ல துண்டுகளும் மெல்லிய ஸ்பொஞ்சும் கேட்டு வாங்கினேன். துணியைவிட றெக்சீன் ஒரு வகையில் சுகம், ஓரம் பிரியாது. வார் ஒன்றுக்கு 3¼ அங்குல அகலம். நடுவில் ஸ்பொஞ்சை வைத்து, இரண்டு பக்கத்தையும் பின்னால் மடித்துச் செருப்பு ஒட்டுகிற கம்மால் ஒட்டினால் 1½ அங்குலத்தில் உப்பலாக நிற்கும். முன்பக்கத்துக்கு நெடுக்கே 7, குறுக்கே 5. பின்னி முடித்தால் பத்தரைக்கு ஏழரை அங்குலம் வரும். பின்னும்போது மேலும் கீழும் ஏறி இறங்கி நீளம் குறையும், தையலுக்கும் விட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாரையும் 2 அங்குலம் கூட வெட்டு. முக்கியமானது இன்னொன்று. வாரின் இரண்டு அந்தத்திலும் தையல் போகிற இடம்வரை ஸ்பொஞ்சை வைக்காமல் வெறுமையாக விட வேண்டும். விடாவிட்டால் ஓரத்தில் மொத்தமாகி ஊசி முறியும்.

பின்பக்கம் வெறும் றெக்சீன்தான். இடுப்போடு ஒட்டிக்கிடக்கிற பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பக்கங்களுக்கும் அடிக்கும் சேர்த்து ஒரே நீளப் பட்டி. விறைப்புக்கு உள்ளே பழைய தேர்தல் பனர் வெட்டி வைத்தேன். யாருடைய முகம் என்று கேட்காதே, மனிசன் இப்போதுதான் ஒரு வேலைக்கு உதவியிருக்கிறார். சிப்பும் தோள்பட்டியும் வளையங்களும் மகளின் கிழிந்த பள்ளிக்கூடப் பையில் கழற்றியவை. உள்துணி என் பழைய பருத்திச் சேலை.

தைக்கும்போது 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வைக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் றெக்சீன் தபால் முத்திரைத் தாளைப்போல ஓட்டை வழியே கிழிந்து வரும். குண்டூசி குத்தினாலும் அடையாளம் போகாது, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் பிடித்துக்கொள். மெசினின் காலடி றெக்சீனில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுத் தாளைக் கிழித்தெடுத்தால் சரி. அப்புறம் உள்பக்கத்தை வெளியே திருப்புகிற அலுவல் இருக்கிறதே, அது மல்யுத்தம்தான்! வெயிலில் கொஞ்சம் வைத்தேன், இளகி வந்தது. எங்களிடம் வெயிலுக்கா பஞ்சம்?

தோள்பட்டி சேரும் இடத்தை மட்டும் மெசினை நம்பாமல் கையால் தைத்தேன். ஒரு நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி, ஒரே ஓட்டையால் எதிரெதிராக வரவேண்டும். எர்மெஸ் என்ற பிரெஞ்சுப் பைக் கம்பனியில் இப்படித்தான் தைக்கிறார்களாம். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மற்றப் பக்கம் பிடித்திருக்கும்.

கம், நூல், றெக்சீன், ஸ்பொஞ்ச் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது.

பையைப் பார்த்த மச்சாளின் மகள் தனக்கும் ஒன்று வேண்டுமாம். ஆனால் முன்னால் சனல் (Chanel) கம்பனியின் அடையாளமான இரண்டு C எழுத்தையும் மாட்டித் தரட்டாம். மாட்டேன் என்றுவிட்டேன். மெத்தைபோல் கட்டம் கட்டமாகத் தைத்துத் தருகிறேன், சங்கிலியும் போடுகிறேன். 1955இல் சனல் கொண்டுவந்த வேலைப்பாடு அது, பார்த்துப் பழகலாம். பெயரைப் போட்டால் அது கள்ளச் சாமான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறாள், வருவாள். உன் பின்னல் பையில் எனக்குப் பிடித்ததே, வெளியில் பெயர் இல்லை என்பதுதான்.

உனக்கும் ஒன்று தைக்கத் துண்டு மிச்சமிருக்கிறது. ஆனால் அங்கே குளிர்ச்சட்டைக்கு மேலே போடுவாய், பட்டி நீளமாக வேண்டும். சட்டையைப் போட்டுக்கொண்டு தோளிலிருந்து இடுப்புவரை அளந்து அனுப்பு. ஆடியில் உன் தம்பி வரும்போது கொடுத்துவிடுகிறேன். காசு கீசு அனுப்பினால் பை வராது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி