கார்-டி சிகிச்சை: ஊசிக்கு முன்னும் பின்னும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்கு, நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லை எடுத்து ஆய்வகத்தில் மாற்றி அவருக்கே திருப்பி ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை பற்றி நாளிதழ்களில் இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலும் 'ஒரே ஊசியில் புற்றுநோய் குணம்' என்ற தொனியில்தான் அவை எழுதப்படுகின்றன. அதை நம்பி, வாய்ப்புற்று உள்ளவரும் மார்பகப் புற்றுநோய் உள்ளவரும் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள். சிகிச்சை உண்மையிலேயே பொருந்தக்கூடிய நோயாளியோ, மூன்றாவது நான்காவது கீமோவும் முடிந்து, உடம்பில் எடுப்பதற்கு நல்ல செல்லே மிச்சமில்லாத நிலையில் வந்து சேர்கிறார். ஊசி போடும் அரை மணி நேரத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதற்கு முன்னும் பின்னுமான வாரங்களைப் பற்றியும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில், யாருக்கு? மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 மருந்துக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. பி செல்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்களில் தோன்றும் சில லுக்கீமியா (ரத்தப் புற்று), லிம்போமா (நிணநீர்ப் புற்று) வகைகளுக்கு, அதுவும் வழக்கமான சிகிச்சைக்கு மசியாத அல்லது திரும்பி வந்த நோய்க்கு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. பி செல்லின் மேற்பரப்பில் சிடி19 என்றொரு புரதம் இருக்கிறது. அதை அடையாளம் காணும் செயற்கை ஏற்பி ஒன்றை நோயாளியின் சொந்த டி செல்லில் (இதுவும் ஒருவகை வெள்ளையணு) பொருத்தித் திருப்பி அனுப்பினால், அது சிடி19 உள்ள செல்லையெல்லாம் தேடிப் பிடித்துக் கொல்லும். நல்ல பி செல்லும் சேர்ந்தே சாகும். பி செல் இல்லாமலும் ஒருவர் வாழ முடியும், பி செல்கள் வழியாகக் கிடைக்கும் நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை வெளியிலிருந்து ஏற்றிச் சமாளிக்கலாம் என்பதால்தான் இந்த வழி சாத்தியமாயிற்று.

நுரையீரல், இரைப்பை, மார்பகக் கட்டிகளில் அப்படி இழந்தாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய புரதம் சுலபத்தில் அகப்படுவதில்லை. கட்டியின் மேல் இருப்பது நல்ல நுரையீரலிலும் குடலிலும் இருக்கும். போதாததற்கு, கட்டிக்குள் டி செல் நுழைவதே பெரும்பாடு. நுழைந்தாலும் அங்குள்ள சூழல் அதை முடக்கிப் போட்டுவிடும். உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவை ஆய்வுகள்தான், நம் ஊர் மருத்துவமனையில் போய்க் கேட்டு வாங்கும் சிகிச்சை அல்ல. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுக்கு பிசிஎம்ஏ என்ற வேறு புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி மருந்துகள் தனியாக உண்டு.

பலன் பற்றிய எண்களிலும் கவனம் வேண்டும். நெக்ஸ்கார்19 ஆய்வு முடிவுகள் 2025இல் 'தி லான்செட் ஹீமட்டாலஜி' இதழில் வெளிவந்தன. ஆய்வில் 64 நோயாளிகள். பலனைக் கணக்கிட முடிந்த 51 பேரில் 73 சதவீதத்தினருக்கு நோய் பின்வாங்கியது. இதை '73 சதவீதம் குணம்' என்று எழுதுவது தவறு. முழுமையாகப் பின்வாங்கியவர்களும் பகுதியாகப் பின்வாங்கியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. அவர்களிலும் ஒரு பகுதியினருக்கு நோய் மீண்டும் வந்தது. சிகிச்சையின் சிக்கலால் இருவர் இறந்தார்கள். வேறு வழி அடைபட்டுப்போன நோயாளிகளிடம் கிடைத்த எண் என்று பார்த்தால் 73 பெரிய விஷயம்தான். அதை ஊதிப் பெரிதாக்கத் தேவையே இல்லை.

இனி, செல் எடுக்கும் நாள். ரத்தத்திலிருந்து வேண்டிய செல்லை மட்டும் பிரித்தெடுக்கும் அபெரிசிஸ் இயந்திரத்தில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உடம்பில் உள்ள ரத்தமே இரண்டு மூன்று தடவை இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும். பெரியவர்களுக்கு அது 10 லிட்டர் வரை, சில சமயம் அதற்கு மேலும். இதற்குக் கையில் தடித்த நரம்பு வேண்டும். கீமோவில் நரம்பெல்லாம் சுருங்கிப்போனவர்களுக்குக் கழுத்திலோ தொடையிலோ டயாலிசிஸுக்குப் போடுவது போன்ற குழாய் போடுவார்கள். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் கலக்கிறார்கள்; அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதடும் விரல் நுனியும் மரத்துச் சுருசுருவென்று ஆனால் உடனே சொல்லிவிட வேண்டும். கால்சியம் ஏற்றினால் சரியாகிவிடும். இதற்கெல்லாமா கூப்பிடுவது என்று பொறுத்துக்கொண்டால் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அதுவும் இந்த நாளுக்கு முன்பே. திரும்பத் திரும்பக் கீமோ வாங்கிய உடம்பில் டி செல் எண்ணிக்கையும் குறைவு, இருப்பதும் களைத்துப்போனவை. அவற்றை ஆய்வகத்தில் பெருக்கினால் பெருகாது, பெருகினாலும் உடம்பில் நீண்ட நாள் நிற்காது. குறிப்பாக லிம்போமாவுக்குக் கொடுக்கும் பெண்டாமஸ்டின் டி செல்லை நெடுநாள் பாதிக்கும் மருந்து. செல் எடுப்பதற்கு முந்தைய ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் அதை வாங்கியவர்களுக்குப் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்டீராய்டையும் சில நாள் முன்பே, முடிந்தால் ஒரு வாரம் முன்பே, நிறுத்த வேண்டும். ஆகவே நோய் முதல் தடவை திரும்பும்போதே, அடுத்த மருந்தைத் தொடங்குவதற்கு முன், கார்-டி வசதி உள்ள மையத்தில் ஒரு கருத்து கேட்டுவிடுவது நல்லது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தக் கடைசியில் எடுக்கச் செல் இருக்காது.

எடுத்த செல்லை ஆய்வகத்தில் தூண்டிவிட்டு, நோய் உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட லென்டிவைரஸ் மூலம் புதிய மரபணுவைச் செலுத்தி, ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வளர்க்கிறார்கள். பிறகு கிருமி இருக்கிறதா, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா, உயிருள்ள செல் எத்தனை சதவீதம், அதில் ஏற்பி பொருந்தியது எத்தனை என்றெல்லாம் பார்க்கிறார்கள். இந்தச் சோதனைகளைத் தாமதம் என்று நினைத்து நச்சரிக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு நோயாளியின் செல் தொகுப்பில் தப்பித்தவறி ஒரே ஒரு லுக்கீமியா செல் கலந்து, அதற்கும் ஏற்பி பொருந்திவிட்டது. அந்த ஏற்பி செல்லின் சொந்த சிடி19ஐயே மூடி மறைத்துக்கொண்டதால் கார்-டி செல்களால் அதை அடையாளம் காண முடியவில்லை. அந்த ஒன்று பெருகி நோய் திரும்பி, நோயாளி இறந்தார். 2018இல் 'நேச்சர் மெடிசின்' இதழ் இதை வெளியிட்டது. மிக அரிதான நிகழ்வுதான். ஆனால் ஆய்வகத்தின் கண்டிப்பு எதற்கு என்று புரியவைக்க இது போதும்.

எடுத்ததிலிருந்து ஏற்றுவது வரை பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை நோய் சும்மா இருக்காது. அதை அடக்கிவைக்க இடைக்காலக் கீமோ தேவைப்படலாம். அது அதிகமானால் தொற்று வந்து ஏற்றும் தேதி தள்ளிப்போகும். குறைந்தால் நோய் முந்திக்கொள்ளும். மருத்துவரின் அனுபவம் அதிகம் பேசுவது இந்த இடத்தில்தான்.

ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்துகள் இரண்டையும் வழக்கமாக மூன்று நாள் கொடுக்கிறார்கள். நோயைக் கொல்வது இதன் முதல் நோக்கம் அல்ல. உடம்பில் ஏற்கெனவே உள்ள டி செல்களைக் குறைத்து, புதிதாக வருபவை வளர்வதற்கான சத்தும் இடமும் கிடைக்கச் செய்வதுதான். ஃப்ளூடராபின் வாங்கியவர்களுக்கு அதன்பின் ரத்தமோ தட்டணுவோ ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு பாய்ச்சிய பையாகத்தான் இருக்க வேண்டும். வேறு ஊரில் அவசரத்துக்கு ரத்தம் ஏற்றினாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

திரவ நைட்ரஜன் குளிரில் உறைந்து வரும் பையை 37 டிகிரி நீரில் உருக்கி, அரை மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். உறைநிலைப் பாதுகாப்புக்குச் சேர்த்த டிஎம்எஸ்ஓவின் பூண்டு வாடை ஓரிரு நாள் மூச்சிலும் உடம்பிலும் வரும், பயப்பட வேண்டாம். வார்டில் இருப்பவர்கள் மறக்கக் கூடாதது, வெள்ளையணுவை வடிகட்டும் ஃபில்டரை இந்தக் குழாயில் போடவே கூடாது என்பது. ரத்தம் ஏற்றும்போது கைப்பழக்கத்தில் போட்டுவிடும் பொருள் அது. போட்டால் பல வார உழைப்பும் பல லட்சமும் ஃபில்டரிலேயே தங்கிவிடும். அலர்ஜி வராமலிருக்க என்று முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கமும் இங்கே ஆகாது.

அடுத்த இரண்டு வாரம்தான் அபாயமான காலம். டி செல்கள் வேலையைத் தொடங்கியதும் சைட்டோகைன்கள் என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் பெருக்கெடுத்துக் காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, மூச்சுத் திணறல் என்று போகலாம். 2012இல் ஃபிலடெல்பியாவில் இந்தச் சிகிச்சை பெற்ற எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி இதில் உயிருக்குப் போராடியபோது, ரத்தத்தில் ஐஎல்-6 என்ற சைட்டோகைன் மிகுந்திருப்பதைக் கண்டு, மூட்டுவாதத்துக்கான டோசிலிசுமாபைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இன்று அதுவே உலகெங்கும் முதல் மருந்து. கிலோவுக்கு 8 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 800க்கு மேல் போவதில்லை. செல்லை ஏற்றுவதற்கு முன்பே மருந்து மருத்துவமனையில் இருக்கிறதா என்று குடும்பத்தார் கேட்கலாம், கேட்க வேண்டும். காய்ச்சல் கிருமித் தொற்றாலும் வரலாம் என்பதால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து ஆன்டிபயாடிக்கையும் கூடவே தொடங்குவார்கள்.

இந்த நாட்களில் வரக்கூடிய இன்னொரு சிக்கலான மூளை பாதிப்பைக் கண்டுபிடிக்க ஸ்கேனுக்கு முன் உதவுவது ஒரு பேனாவும் தாளும். தினமும் பத்து மதிப்பெண் சோதனை: வருடம், மாதம், ஊர், மருத்துவமனை சொல்ல நான்கு, காட்டும் மூன்று பொருளின் பெயருக்கு மூன்று, சொன்னதைச் செய்ய ஒன்று, ஒரு வாக்கியம் எழுத ஒன்று, நூறிலிருந்து பத்துப் பத்தாக இறங்கி எண்ண ஒன்று. வாக்கியத்தை ஒரே தாளில் தேதி போட்டு எழுதவைத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நேற்று நேராக எழுதியவரின் கையெழுத்து இன்று கோணிக்கொண்டு, வரி சரிந்து, பாதியில் நின்றிருக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்களிடம்கூட இதுதான் முதலில் தெரியலாம். தமிழ் மட்டுமே எழுதுபவரிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் சோதனைக்கு அர்த்தமில்லை. எழுதவே தெரியாதவர் என்றால் அதை முதல் நாளே குறித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் ஏமாற்றும். மூளைப் பாதிப்புக்கு டோசிலிசுமாப் போதாது, ஸ்டீராய்டு வேண்டும்.

வார்டிலிருந்து வந்த பிறகும் ஏற்றிய நாளிலிருந்து ஒரு மாதம்வரை மருத்துவமனையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் அறை எடுத்துத் தங்குவது நல்லது. அமெரிக்காவில் 2025 ஜூனில் இதை இரண்டு வாரமாகக் குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் இரவில் நம்பிப் போக வண்டி கிடைக்காத ஊர்க்காரர் நான்கு வாரம் இருப்பதே மேல். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது, உடனே போக வேண்டும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் காய்ச்சலுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து ஊசி போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தேவையில்லாத வேளையில் அது கார்-டி செல்களையே முடக்கலாம். ஏற்றிய தேதியும் மையத்தின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

பிறகு வரும் மாதங்களில் இம்யூனோகுளோபுலின் அளவு, தொற்றுத் தடுப்பு மாத்திரை, உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்த்தல் எல்லாம் உண்டு. ஹெபடைடிஸ் பி பழைய தொற்று இருந்தால் அது மீண்டும் தலைதூக்கலாம், ஆகவே தொடக்கத்திலேயே அதற்கான இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். கார்-டி ஏற்றியவர்களுக்கு டி செல் புற்றுநோய் வருகிறது என்று 2023 இறுதியில் பரவிய செய்தியின் கணக்கு இது: அமெரிக்காவில் 27,000க்கும் மேற்பட்ட டோஸ்களுக்கு 22 நேர்வுகள். ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு அது காரணம். சிகிச்சையை மறுப்பதற்கு அல்ல.

பணம். நெக்ஸ்கார்19 அறிமுகமானபோது 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்றார்கள். அமெரிக்காவில் 2017இல் முதல் கார்-டி மருந்தின் விலை 4,75,000 டாலர். மலிவுதான், யாருக்கு என்பது வேறு கேள்வி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 5 லட்சம். செல்லின் விலையோடு ஐசியு, டோசிலிசுமாப், ரத்தப்பை, ஒரு மாத அறை வாடகை எல்லாம் சேரும். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: செல் வளராமல் தோற்றால் பணம் திரும்புமா, மறுபடி எடுக்க நேர்ந்தால் யார் செலவு, ஏற்றுமுன் நோயாளி மோசமானால் என்ன ஏற்பாடு. எல்லாப் புற்றுக்கும் 'நோய் எதிர்ப்புச் செல் ஊசி' என்று விளம்பரம் செய்யும் இடங்களில் அரசு அனுமதி எண்ணைக் கேளுங்கள். ஆய்வு என்று சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை.

இப்படிக்கு,
ரத்தநோய்ப் பிரிவு மருத்துவர் ஒருவர்,
மதுரை