ராலேயில் இருக்கும் மகனுக்கு

கீழக்கரை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். லாத்தாவும் பிள்ளைகளும் வந்துவிட்டுப் போனார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

நோன்புக்கு முன்னால் ‘ஓமர்’ ஆபரா என்ற பாட்டு நாடகத்திலிருந்து ஒரு பாட்டு அனுப்பினாய். அப்புறம் ஒரு பேச்சும் இல்லை. வேலையாக இருக்கும் என்கிறார்கள் வாப்பா. சரி. பாட்டு எனக்கு விளங்கவில்லை. லாத்தா மகனை உட்காரவைத்து, யார் இந்த ஓமர் என்று தேடிப் படிக்கச் சொன்னேன்.

உமர் இப்னு சயீத், செனகல் பக்கம் ஃபூட்டா டோரோவில் இருபத்தைந்து வருடம் ஓதியவர். 1807இல் கப்பலில் கொண்டுபோய் அமெரிக்காவில் சார்ல்ஸ்டனில் அடிமையாக விற்றுவிட்டார்கள். கொடுமைக்கார எஜமானிடமிருந்து தப்பி நீ இருக்கும் வட கரோலினாவுக்குத்தான் ஓடியிருக்கிறார். அங்கே ஃபயட்வில் ஊர்ச் சிறைச் சுவரில் கரித்துண்டால் அரபியில் எழுதினாராம். 1831இல் தன் வாழ்க்கையை எழுதியபோது குர்ஆனின் சூரத்துல் முல்க்கில் தொடங்கினாராம். நீ சின்ன வயதில் மனனம் செய்த சூரா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சொந்தப் பாஷையும் அரபியும் நிறைய மறந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். கடைசிவரை அடிமையாகவே இருந்து மௌத்தானார்.

வட கரோலினாக்காரி ரியானன் கிடன்ஸ் இந்த நாடகத்துக்குப் பாட்டெழுதி, மைக்கேல் ஏபல்ஸோடு சேர்ந்து இசையமைத்து, 2022இல் அதே சார்ல்ஸ்டனில் மேடையேற்றினார்களாம். மறுவருடம் புலிட்சர் பரிசு. நாடகத்தில் ஓமருடைய இறந்துபோன உம்மா ஃபாத்திமா மகனைத் தேடி வருகிறாளாமே. அதற்காகவா அனுப்பினாய்?

உன்னை அவரோடு வைத்துப் பேசவில்லை, அது பாவம். நீ படித்து, இன்டர்வியூவில் தேறி, டிக்கெட் எடுத்துப் போனவன். தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அவருக்குச் சொல்ல ஆளில்லை, சுவரில் எழுதினார். உனக்கு நாங்கள் இருக்கிறோமே!

அமெரிக்காவில் ஆட்குறைப்பு என்று பேப்பரில் வந்ததை வாப்பா படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, அவ்வளவுதான்.

ஃபயட்வில்லில் அவர் பெயரில் பள்ளிவாசல் இருக்கிறதாம், உன் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தானாம். ஒரு ஜும்மாவுக்குப் போ. நாலு பேரோடு உட்கார்ந்து பேசு. முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு. இங்கே நடுச்சாமமாக இருக்கும், பரவாயில்லை, எடுப்பேன். நல்ல செய்திதான் சொல்ல வேண்டும் என்றில்லை.

துஆவுடன்,
உம்மா