கொலாஜன் டப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். கிழிந்த ஜவ்வு சீக்கிரம் சேர கொலாஜன் பவுடர் வாங்கியிருக்கிறாயாமே? 32 வருஷம் கொலாஜனோடு குடித்தனம் நடத்தியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோலுக்கும் ஜவ்வுக்கும் உறுதி தருகிற புரதம் அது; டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், நான் புரட்டிய தோலெல்லாம் அதுதானே.

சின்ன வயதில் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது பார்த்திருப்பாய். குரோமிய உப்பில் தோலைச் சுற்றவிட்டுப் பதனிடுகிற குரோம் டிரம்மிலிருந்து எடுத்த தோலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவோம். அதைத் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து எடுத்து, வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்ப்போம். கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். பதனிடாத பச்சைத் தோல் என்றால் 65 டிகிரிக்குள்ளேயே சுருண்டுவிடும்.

ஏன் சுருங்குகிறது என்று ஒருநாள் எங்கள் கெமிஸ்ட் கயிற்றைப் பிரித்துக் காட்டினார். கொலாஜன் முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் மணிகள், கோத்த சரம். மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்கிற அமினோ அமிலம். இருப்பதிலேயே சின்னது அதுதான், அதனால்தான் நடு இடுக்கில் அடங்குகிறது. 1954-இல் இந்த முப்புரியைச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்த கங்காரு வால் தசைநாண் அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது என்று சொல்லும்போது கெமிஸ்ட் முகத்தில் பெருமையைப் பார்க்கணும்!

சூடு ஏறினால் புரி பிரிந்துவிடும். ஆட்டுக்கால் பாயா ஃப்ரிட்ஜில் உறைகிறதே, அது பிரிந்த புரிதான். டேனரியில் குரோமியம் அவற்றைப் பிரியவிடாமல் கட்டிப்போடுகிறது.

சரி, உன் டப்பாவுக்கு வருகிறேன். நீ குடிக்கிற கொலாஜன் அப்படியே கணுக்காலுக்குப் போய் ஒட்டாது. குடலில் அறுபட்டு, துண்டு துணுக்காகவும் தனி அமினோ அமிலமாகவும்தான் ரத்தத்தில் சேரும். பருப்பும் முட்டையும் தருவது அதே அமினோ அமிலங்களைத்தான். அவற்றைப் புதிதாகக் கோத்து முறுக்குவது உன் காலில் இருக்கிற செல்லின் வேலை. முறுக்கு நிற்க, சரத்திலுள்ள புரோலின் என்கிற இன்னொரு அமினோ அமிலத்தில் பலவற்றின் மேல் ஆக்சிஜன் ஏற்ற வேண்டும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறில் ரத்தம் கசிந்ததும், ஆறிய புண் மறுபடி திறந்ததும் இது கிடைக்காமல்தான்.

டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடு. பிரித்துவிட்டாயா, குடித்துத் தீர், இன்னொன்று வாங்காதே. அம்மா நெல்லிக்காயை வேகவைத்து அனுப்பப் பார்த்தாள். சூட்டில் வைட்டமின் சி-யில் ஒரு பங்கு போய்விடும் என்று தடுத்து, பச்சையாகவே ஒரு கிலோ கூரியரில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா