முகத்தை விட்டுவிட்டாயே, தாயி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கம்மாவுக்கு முட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

கல்லூரிக் கண்காட்சிக்காக நீ வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்பது படங்களையும் பார்த்தேன். போனில் பார்த்தது போதாமல், நம்ம பிரிண்டரிலேயே போட்டெடுத்து மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒரு பையன், ‘என்ன அண்ணாச்சி, பேய்ப் படமா?’ என்றான். கோபப்படாதே, அவன் கேட்டதிலும் விஷயம் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவிலேயே ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நம்ம ஸ்டுடியோவில் பின்னால் தொங்குகிற படுதாவை நீ எழுதியிருக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தூண், மாடிப்படி, தாமரைக்குளம், கொஞ்சம் தடித்துப்போன அன்னம். கீழ் ஓரத்தில் துணி மடங்கிப் பெயிண்ட் வெடித்த இடத்தைக்கூட நீ விடவில்லை. அதை நமக்கு எழுதிக் கொடுத்தவர் நாடகத்துக்கு சீன் எழுதிப் பழகியவர். கோவில்பட்டியில் ஒரு காலத்தில் அந்த மாதிரிக் கைகளுக்குப் பஞ்சமே இல்லை. காலண்டர் சாமிப் படம் வரைந்த கொண்டையராஜு உங்கள் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவர்தான். அப்போது அது ஓவியப் பள்ளி. அப்புறம் திருவண்ணாமலை ரமணாசிரமம், நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை என்று சுற்றிவிட்டு நம்ம ஊரில் வந்து தங்கினார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கின! 1976இல் காலமானார். பெரிய ஓவியர்கள் ‘காலண்டர் படம்’ என்று சொல்லும்போது உதட்டைச் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். நீ அந்த அன்னத்தைக் கேலி இல்லாமல் வரைந்திருக்கிறாய்.

படுதாவுக்கு முன்னால் நிற்கிற பெண்கள்தான் எனக்கு ஒட்டவில்லை. சேலை மடிப்பு இருக்கிறது, முன்னால் எடுத்துப் போட்ட ஜடை இருக்கிறது, ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று ஒரு வெள்ளை. ஒன்பது பேருக்கும் அதே கதை. ‘கலாச்சாரமும் சமூக எதிர்பார்ப்பும் பெண்ணின் காதலையும் அடையாளத்தையும் எப்படி அழிக்கின்றன’ என்று கல்லூரிக்குக் குறிப்பு எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பொண்ணு பார்க்க எடுத்த போட்டோவை வாங்கிப் பார்த்து ‘நிறம் கம்மி’ என்று திருப்பி அனுப்பினார்களே மாப்பிள்ளை வீட்டார், அவர்கள் செய்ததும் இதைத்தானே? நிறம், உயரம், முடியின் நீளம், கழுத்தில் எத்தனை பவுன். அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். நீயும் அவ்வளவை வரைந்துவிட்டு முகத்தை விட்டுவிட்டாய்.

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றவன். எனக்கு அந்த முகங்கள்தான் ஞாபகம்.

‘பொண்ணு பார்க்கிற போட்டோ’ என்று வந்தால் ஒரு கூட்டமே வரும். அம்மா, சித்தி, அண்ணன், சில சமயம் தரகரும். உள்ளே கண்ணாடி முன்னால் சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கும். சித்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பெண்ணுக்குப் போடுவாள். ஃபுல் சைஸ் ஒன்று, ஹாஃப் சைஸ் ஒன்று. 120 பிலிமில் பன்னிரண்டு படம்தான் விழும் என்பதால் ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் கிளிக் கிடையாது. ‘பல் தெரியாம சிரிக்கச் சொல்லுங்க’ என்பது பெரும்பாலும் சித்தியின் உத்தரவு. சடங்கு போட்டோ என்றால் பின்னால் கண்ணாடி வைத்துப் பூ ஜடையும் சேர்ந்து விழ எடுக்க வேண்டும். அதை நீ எட்டாவது படத்தில் சரியாகப் பிடித்திருக்கிறாய்.

அப்புறம் டச்சிங். அதை நீ பார்த்ததில்லை, நீ பிறக்கும்போது கலர் லேப் வந்துவிட்டது. சாய்வான சின்ன மேஜை, நடுவில் கண்ணாடி, கீழிருந்து வெளிச்சம். நெகட்டிவை அதன் மேல் வைத்து, பென்சில் பிடிப்பதற்கு மருந்து தடவி, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கன்னத்தில், நெற்றியில், கண்ணுக்குக் கீழே. கோடு தெரிந்தால் வேலை கெட்டது. நெகட்டிவில் எங்கே கறுப்பு ஏறுகிறதோ அங்கே பிரிண்டில் வெளுக்கும். அதாவது, ‘கொஞ்சம் கலராக்கிக் குடுங்க அண்ணாச்சி’ என்று கேட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் கறுப்பைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இதற்காக நீ என்னை முறைக்க வேண்டாம், அது தொழில். ஆனால் உன் கண்காட்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும், சொல்? நெகட்டிவையும் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிசாக்கி மாட்டினால் உன் குறிப்பில் பாதியை வெட்டிவிடலாம்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண். புது வரன் வரும்போதெல்லாம் வீட்டில் புது போட்டோவுக்குக் கூட்டி வருவார்கள். ஒவ்வொரு தடவையும் அதே அரக்குச் சேலை. கடைசியாக வந்தபோது யாரையும் கூட்டி வராமல் தனியாக வந்தாள். ‘டச்சிங் வேண்டாம், இருக்கிறபடி போடுங்க. காசு நான்தான் தர்றேன்’ என்றாள். நாடியைக் கொஞ்சம் தூக்கி லென்ஸை நேராகப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. பார்சலில் வருகிற அந்த நெகட்டிவில் பென்சில் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார், தெரியும்.

இன்னொரு பெண், பட்டனை அமுக்குகிற நேரத்தில் அண்ணன் கால் தடுக்கி லைட் ஸ்டாண்டில் முட்டிக்கொள்ள, வாய் விட்டுச் சிரித்துவிட்டாள். பல் முழுக்கத் தெரிகிறது. அவள் அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம், அந்தப் படத்தைப் பிரிண்ட் போடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற தம்பியிடம் காசு கொடுத்தனுப்பி, அதே படத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது வேறு படம். இது அவளுக்கு.

காதலைப் பற்றியும் வரைகிறேன் என்கிறாய். ஒரு நெகட்டிவில் பெண்ணின் கண் லென்ஸுக்கு இடது பக்கமாகப் போயிருக்கும். அந்தப் பக்கம் கடை வாசல். வாசலில் யார் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன், உனக்கு அனுப்பவில்லை. நம்ம பக்கத்தில் காதல் என்று கேள்விப்பட்டதும் அரிவாளைத் தேடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எவ்வளவு வருஷமானாலும் இந்த மாதிரி விஷயத்துக்கு வயதாவதில்லை.

மற்றவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நெகட்டிவ் என் பீரோவில் இருப்பதால் முகம் எனக்குச் சொந்தமாகிவிடாது. பழைய நோட்டில் நம்பரும் ஊரும் எழுதியிருக்கிறேன். பாதிப் பேர் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். உங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, அவளுக்குத் தெரியாத வீடு இல்லை. சிலர் திட்டுவார்கள், சிலர் காபி போட்டுக் கொடுத்து அந்த நாள் கதையைச் சொல்வார்கள். முகம் வரைவதென்றால் கேட்க வேண்டும், முகம் இல்லையென்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீ அந்தச் சுலபத்துக்காகத்தான் வெள்ளையடித்தாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லையென்றால் சந்தோஷம்.

போன லீவில் நீ விட்டுப்போன ஓவியர் அம்ரிதா ஷேர்கில் புத்தகத்தைக் கடையில் ஆளில்லாத நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1937இல் தென்னாட்டுப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய் வரைந்த அந்த மணப்பெண் அலங்காரம்! கல்யாண வீட்டுப் படம், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஆனால் எல்லோருக்கும் முகம் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சிரிப்பில்லாதது நமக்குத் தெரிகிறது. அவருடைய அப்பா உம்ராவ் சிங்கும் என்னைப் போல கேமராக்காரர்தான். தன்னையும் வீட்டாரையும் விடாமல் படமெடுத்திருக்கிறார். (அவருக்கு ஜமீன் பணம், எனக்கு பாஸ்போர்ட் சைஸ்.) ஆனால் 1938இல் மகள் பெற்றோருக்குப் பிடிக்காத கல்யாணத்துக்காக ஹங்கேரி போயிருந்தபோது, அவளுக்கு வந்த கடிதங்களை வீட்டில் எரித்துவிட்டார்கள். நேரு எழுதியவையும் அதில் போயின. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு வருத்தம். மகளை அத்தனை படம் எடுத்தவர்!

இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். ஒன்பதாவது படத்தில் ஓரத்தில் ஒரு ஆண் கை இருக்கிறது. விரல் இடுக்கில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் காய்ந்திருக்கிறது. ஒன்பது படத்திலும் நீ ஆசையாக உட்கார்ந்து வரைந்தது அந்தக் கைதான் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். சிற்பம் படிக்கிற பிள்ளையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். உங்கம்மா அதுவரை பொறுக்க மாட்டாள், அதற்கு நான் பொறுப்பில்லை. எதையும் ஒளித்து வைக்க வேண்டாம், இந்த வீட்டில் எதுவும் எரியாது.

இன்னொரு யோசனை. பெங்களூரில் புஷ்பமாலா என்று ஒருவர் இருக்கிறாரே, படுதா கட்டி, பழைய படங்களில் இருந்த பெண்களைப் போல வேஷம் போட்டுத் தானே கேமரா முன்னால் நின்றவர். ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாகக்கூட நின்றிருக்கிறார். நீதான் அந்தப் படங்களை எனக்குக் காட்டினாய். நீயும் பொங்கலுக்கு வரும்போது ஒரு தடவை நின்று பார். படுதாவை இறக்கித் தூசி தட்டி வைக்கிறேன். யாஷிகா கேமரா இன்னும் வேலை செய்கிறது, பிலிம் மட்டும் நீ சென்னையிலிருந்து வாங்கி வர வேண்டும். உங்கம்மா சேலை, சித்தி சங்கிலி, ஜடை முன்னால். பல் தெரியாமல் சிரிக்கச் சொல்லி உன் அத்தையைவிட்டு அதட்டச் சொல்கிறேன், அவளுக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிற்கும்போது முகத்தில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வரை.

அத்தை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘படம் வரையுற பிள்ளையை யாரு கட்டுவா, ஒரு பி.எட். ஆவது படிக்க வைத்திருக்கலாம்’ என்று போன வாரமும் வந்து புலம்பிவிட்டுப் போனாள். நீ அதற்குப் பதில் எழுதாதே, குடும்ப குரூப்பில் எதையும் போடாதே. நான் பேசிக்கொள்கிறேன்.

நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக பட்டர் பேப்பர் உறையில் போட்டு, பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தைப் பிடித்து எடு, ஈரக்கையோடு தொடாதே. அரக்குச் சேலை இருக்கிற உறையில் சிவப்பு மையில் குறி போட்டிருக்கிறேன். டப்பாவுக்கு மேலே உள்ள பையில் கடலைமிட்டாய், உங்கம்மா வைத்தது. ஹாஸ்டலில் பங்கு போட்டுச் சாப்பிடு.

கண்காட்சி தேதி முடிவானதும் உடனே சொல். முத்துநகர் எக்ஸ்பிரஸில் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைப்பதில்லை. காலையில் எழும்பூரில் இறங்கினால் கல்லூரி பக்கம்தானே, நாங்களே வந்துவிடுவோம். ஒரு நாள் கடையை மூட உங்கம்மா சம்மதித்துவிட்டாள், முகூர்த்த நாளாக மட்டும் இருக்கக் கூடாதாம்.

இப்படிக்கு,
அப்பா