பத்தாவது வாரத்திலும் கதவைத் தட்டியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வலது குதிகாலின் பின்பக்கம் வளர்ந்திருந்த எலும்பு முள்ளை ஆபரேஷன் செய்து எடுத்து 11 மாதங்கள் ஆகின்றன. இந்த மடலை எழுத முதல் வாரத்திலேயே உட்கார்ந்தேன். அப்போதே எழுதியிருந்தால் டாக்டருக்கும் நர்சுகளுக்கும் நன்றி சொல்லி ஒரே பக்கத்தில் முடித்திருப்பேன். யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். வந்து பார்த்த ஒவ்வொருவரின் அன்பும் என் நினைவில் இருக்கிறது. ஆனால் குதிகால் ஆபரேஷன் ஒரு வாரத்தில் முடிகிற காரியமில்லை. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், நான்காவது மாதம் என்று நீண்டுகொண்டே போகும். கட்டுப் பிரித்தாயிற்று, காயம் ஆறிவிட்டது, ஆள் எழுந்து நடமாடுகிறாள், இனி என்ன என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். நடக்கிறவளுக்குத்தான் ஒவ்வொரு அடியும் கணக்கு. அந்த நாட்களிலும் கூட இருந்தவர்களை நினைத்து எழுதுகிறேன்.

என்ன நோய் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலர் இன்னும் காலில் முள் குத்தியதாகவே நினைத்திருக்கிறார்கள். கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கி வரும் அக்கிலிஸ் தசைநாண் குதிகால் எலும்பின் பின்புறத்தில் போய்ப் பிடித்திருக்கிறது. உடம்பிலேயே தடிமனான தசைநாண் அதுதான். பல வருடங்கள் இழுபட்டு இழுபட்டு, அது பிடித்திருக்கும் இடம் நைந்து, அங்கே சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகவே வளர்ந்துவிடுகிறது. அதைத்தான் முள் என்கிறார்கள். எனக்கு அதோடு எலும்பின் மேல் மூலையும் புடைத்திருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பாட்ரிக் ஹாக்லண்ட் என்ற டாக்டர் 1928-லேயே இந்தப் புடைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். பின்பக்கம் மூடிய ஷூ எதைப் போட்டாலும் அந்த இடம் உரசிச் சிவந்துவிடும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடியில் கண்ணீர் வந்துவிடும். நின்றுகொண்டே பாடம் நடத்துகிற வேலை என்னுடையது.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கு என் முதல் நன்றி, அவர் உடனே கத்தியை எடுக்காததற்காக. அதற்கு முன் வேறோர் இடத்தில், அந்த வலி போக குதிகாலிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். நானும் சம்மதிக்கிற நிலையில்தான் இருந்தேன். அக்கிலிஸ் பக்கத்தில் அந்த ஊசி போனால் நாணே அறுந்துபோகிற அபாயம் உண்டு என்று இவர் சொல்லித்தான் தெரியும். எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே வைத்து, “இந்த முள் தெரியுதுங்கிறதுக்காக யாருக்கும் ஆபரேஷன் பண்ண மாட்டேன். முள் இருந்தும் வலியே இல்லாதவங்க நிறையப் பேர் இருக்காங்க” என்றார். ஆறு மாதம் உடற்பயிற்சி, ஷூவுக்குள் குதிகாலைச் சற்று உயர்த்தும் அட்டை, பின்பக்கம் திறந்த செருப்பு என்று எல்லாவற்றையும் செய்து பார்க்க வைத்தார். படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியை நான் யாரோ சொல்லிச் செய்துகொண்டிருந்தேன். நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்களுக்கு அப்படித் தொங்கவிட்டால் அந்த இடம் இன்னும் நசுங்கும், சமதரையில் மட்டும் செய்யுங்கள் என்று திருத்தினார். அதன்பிறகும் வலி தீராதபோதுதான் தேதி குறித்தார்.

டாக்டர், நீங்கள் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினீர்களே, அதை இன்னும் வைத்திருக்கிறேன். நாணை நடுவில் பிளந்து விலக்கி, நைந்துபோன பகுதியை நீக்கி, முள்ளையும் புடைப்பையும் செதுக்கி எடுத்து, நாணை மறுபடி எலும்பிலேயே நங்கூரம் போல் பதிய வைத்துத் தைப்போம் என்றீர்கள். “ஓரளவு சாதாரணமா நடக்க ஆறு மாசம். முழுசாத் தேற ஒரு வருஷம்” என்றும் சொன்னீர்கள். அன்று எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஆறு வாரத்தில் ஓடலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தால், ஏதோ தவறாகிவிட்டது என்று நினைத்து மூன்றாவது மாதத்தில் நான் உடைந்துபோயிருப்பேன்.

முதல் இரவு பணியில் இருந்த சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியாது. முழங்காலுக்குப் பின்னால் போட்ட நரம்பு ஊசியால் கால் மரத்துக் கிடந்தது. வலியே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். நடுராத்திரி என்னை எழுப்பி மாத்திரை கொடுத்தார். வலிக்கவில்லையே என்றேன். “மரப்பு விடறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும்மா. வலி ஏறிட்டா அப்புறம் இறக்குறது கஷ்டம்” என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு மரப்பு விட்டபோது அந்த மாத்திரையின் அருமை புரிந்தது. மணிக்கொருதரம் வந்து கால்விரல் நகத்தை அழுத்தி, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விழித்துவிடக் கூடாதென்று டார்ச்சின் மேல் கையை மூடிக்கொள்வார். சிஸ்டர், நன்றி.

என் அக்காவுக்கு எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அவளுக்கே இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஐந்து வாரம் வந்து தங்கினாள். இரண்டு வாரம் மாவுக்கட்டு, விரல்கள் கீழே பார்த்தபடி. அதன்பின் முழங்கால் வரைக்குமான பூட். ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. குளியலறையில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்து, கட்டின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டி டேப் ஒட்டி, காலை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைத்துக் குளிப்பாட்டுவாள். ஐம்பது வயதுக்கு மேல் இன்னொருவர் கையால் குளிப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. முதல் நாள் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் பதில் பேசவில்லை. சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போனபிறகு என்னைக் குளிப்பாட்டியது அவள்தான் என்பது எனக்கு நான்காவது நாள்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தலையை அவள் கையில் விட்டுவிட்டேன். அக்கா, அந்த முதல் நாளுக்காக என்னை மன்னித்துவிடு.

என் கணவர் ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். காலை ஊன்றாமல் கிடக்கும்போது ஆடுசதையில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி. முதல் நாள் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பார்க்காதது போல் இருந்துகொண்டேன். பத்தாவது நாள் ஒரு நர்ஸின் கைபோல் ஆகிவிட்டது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்காமல் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி இரவு இரண்டு முறை எழுந்து சரிசெய்தார். ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை.

மேல்வீட்டுத் தம்பி, கால்பந்து ஆடிக் காலை உடைத்துக்கொண்ட அனுபவசாலி நீங்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடத்தில் காட்டியதை நீங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொடுத்தீர்கள். ஊன்றுகோலின் மேல்முனை அக்குளை அழுத்தக் கூடாது, இரண்டு விரல் இடைவெளி வேண்டும், பாரம் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் செய்த காலும் முதலில். நான் இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி நீங்கள் பின்னோக்கி இறங்கினீர்கள். விழுந்திருந்தால் உங்கள் மேல்தான் விழுந்திருப்பேன்.

நான்காவது வாரம் நடந்ததை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இரவில் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் வலது காலை ஊன்றி எழுந்துவிட்டேன். சுருக்கென்று ஒரு வலி. நாண் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். விடியும்வரை நானும் என் கணவரும் பேசவே இல்லை. காலையில் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்கால் சதையைக் கையால் பிசைந்தார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. “பாத்தீங்களா, பாதம் அசையுது. நாண் நல்லாருக்கு” என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டிலில் முகம் புதைத்து அழுததை அவர் கவனித்திருப்பார், எழுந்திருக்க அவசரப்படுத்தவில்லை.

தையல் பிரித்தபின் காயத்தின் கீழ்முனை மட்டும் மூடாமல் அடம்பிடித்தது. குதிகாலின் பின்பக்கத் தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் அங்கே ஆறத் தாமதமாகும் என்றார்கள். கட்டு மாற்றிவிட்ட நர்ஸ் மூன்று வாரம் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை அளந்து எழுதி வைத்து, நேற்றைக்கு இன்று எவ்வளவு சின்னதாகியிருக்கிறது என்று காட்டினார். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் காத்திருந்தேன்.

எங்கள் பள்ளிக்கு வருகிறேன். தலைமையாசிரியர் அம்மா என் வகுப்புகள் எல்லாவற்றையும் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். காவலர் ஐயா தாழ்வாரத்தில் இருபது அடிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர், என் தங்கை மாதிரி, நான் வரும்வரை என் இரண்டு வகுப்புகளையும் சேர்த்து எடுத்தாள். வியாழக்கிழமைதோறும் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வருவாள். பத்தாவது வாரம் மற்ற யாரும் வராதபோதும் வந்தாள். நான்காவது மாதம், நான் பள்ளிக்குத் திரும்பி நொண்டிக்கொண்டு நடந்தபோது, “இன்னுமா சரியாகல?” என்று ஒரே நாளில் மூன்று பேர் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் அன்று ஆசிரியர் அறையில் அழுதுவிட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, என் பூட்டை, அப்புறம் சாக்ஸைக் கழற்றி, வீங்கியிருந்த காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினாள்.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகள் வயது. பூட்டுக்குள் குதிகாலுக்கு அடியில் வைத்திருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாதம் சமமாகும் வரை கொண்டுவந்தவர். முதல் நாள் டேப் வைத்து அளந்தபோது என் வலது கெண்டைக்கால் இடதைவிட 3 சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. பாதத்தின் வெளிப்புற ஓரம் மரத்தே இருக்கிறது என்று பயந்தேன். அந்தப் பக்கம் ஓடும் நரம்பு ஆபரேஷனில் சீண்டப்பட்டிருக்கும், மெதுவாகத் திரும்பும் என்றார். முக்கால்வாசி திரும்பிவிட்டது. அவர் எனக்கு வைத்த விதி இது: பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போவோம். மூன்று முறை பின்னால் போனோம், மூன்று முறையும் அவர் முகம் சுளிக்கவில்லை. நோட்டில் தேதி போட்டு, சிவப்பு மையில் எழுதாமல் எப்போதும்போல் நீல மையில் எழுதினார். டீச்சராக இருக்கிற எனக்கு அது புரிந்தது. இப்போது நானும் சிவப்பு மையைக் குறைத்திருக்கிறேன்.

செருப்புத் தைக்கும் பெரியவரே, எங்கும் கிடைக்காத ஷூவை நீங்கள்தான் செய்து தந்தீர்கள். என் பழைய ஷூவின் பின்பக்கத்தை வெட்டி, தழும்பு படும் இடத்தில் மட்டும் மெத்தென்ற தோல் வைத்துத் தைத்தீர்கள். தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டீர்கள்.

கடைசியாக ஒருவர். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா வேண்டாமா என்று டாக்டர் அறைக்கு வெளியே நான் குழம்பிக் கிடந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா நீங்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. புடவையைச் சற்றுத் தூக்கி, குதிகாலின் பின்னால் நேர்கோடாக இறங்கும் தழும்பைக் காட்டினீர்கள். “மொத ரெண்டு வாரம் கஷ்டம்னு எல்லாரும் சொல்வாங்க. அத சமாளிச்சுடலாம்மா, சுத்தி ஆள் இருக்கும். நாலாவது மாசம்தான் கஷ்டம். அப்ப என்னை நெனச்சுக்குங்க” என்றீர்கள். பிறகு சுவரில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அந்த ஒற்றைக் காலில் எக்கி நின்று காட்டினீர்கள். உங்களுக்கு ஆபரேஷன் ஆகி அப்போது 11 மாதம் என்று சொன்னீர்கள்.

நான்காவது மாதத்தில் உங்களைத் தினமும் நினைத்தேன். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் ஒரு செய்தி: நேற்றுக் காலை, சமையலறைச் சுவரில் இரண்டு விரலை வைத்து, வலது காலில் மட்டும் எக்கிப் பார்த்தேன். குதிகால் ஒன்பது முறை எழுந்தது.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்