அந்த மூன்று கிலோ

அன்பு சேகர்,

நீ எழுதி நான்கு மாதமாகிறது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். கார்த்தியைத் தவிர எல்லோரும் நலம். அவனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அவன் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உடம்பு முழுக்க அரிப்பு. வைரஸ் எதுவும் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும் டாக்டர், "ஜிம்முக்குப் போறியா? என்ன எடுத்துக்கிறே?" என்று கேட்டார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். முழுக்க இயற்கையானது என்று லேபிள். ஆனால் அதில் சொல்லாமல் ஸ்டீராய்டு, அதாவது ஆண் ஹார்மோன் போல வேலை செய்து தசை வளர்க்கும் மருந்து, கலந்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். மாத்திரையாக விழுங்கும் சில ஸ்டீராய்டுகளைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடாதபடி மாற்றிச் செய்திருப்பார்களாம்; அந்த மாற்றமே பித்தநீரைத் தேங்க வைத்துக் காமாலையில் கொண்டுவிடுமாம். டப்பாவை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம். நிறுத்திய பிறகு மெல்லத் தேறிவருகிறான்.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "பையன் நாலே வாரத்துல மூணு கிலோ ஏறிட்டான், பவுடர் நல்லா வேலை செய்யுது" என்று எழுதியிருக்கிறாய். வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாஸ்கர் டேப்பால் நம் புஜத்தை அளப்பானே, நீ மூச்சை அடக்கி அரை இஞ்ச் திருடுவாய். தராசும் அப்படித்தான் ஏமாற்றும். இந்தப் பவுடர்கள் சிலவற்றில் இருக்கும் கிரியேட்டின் என்ற பொருள் தசைக்குள் தண்ணீரை இழுத்துவைக்கும். அந்த எடையும் தராசில் ஏறும். மனசு செய்யும் வேலை தனி. 1972-ல் ஏரியல், சாவில் என்ற இருவர், ஸ்டீராய்டு என்று சொல்லி வெறும் மாத்திரையைப் பளுதூக்கும் இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் தூக்கிய எடை நிஜமாகவே கூடியது! அதனால்தான் ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்துச் சோதிக்கிறார்கள்.

ஆண் ஹார்மோன் போல ஒரு பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க 1953-லிருந்தே ஒரு வழி இருக்கிறது. ஹெர்ஷ்பெர்கர் சோதனை என்று பெயர். விரைகளை நீக்கிய ஆண் எலிகளுக்குச் சொந்த ஹார்மோன் வற்றிவிடும். புராஸ்டேட் சுரப்பியும் இடுப்புக்கு அடியிலுள்ள ஒரு தசையும் சுருங்கிப்போகும். பத்து நாள் அந்தப் பொருளைக் கொடுத்துவிட்டு அவற்றை எடுத்து நிறுக்கிறார்கள். திரும்ப வளர்ந்திருந்தால் மாட்டிக்கொண்டது. பாவம், அந்த எலிகளை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு தூரம் போய்த்தான் 'வேலை செய்கிறது' என்ற சொல்லைச் சொல்ல முடிகிறது.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். எக்டிஸ்டிரோன் என்று ஒன்று, பசலைக்கீரையிலும் இருப்பது. ஜெர்மனியில் 46 பேருக்குப் பத்து வாரம் பயிற்சியோடு சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டவர்களுக்குத் தசை கூடுதலாக ஏறியிருந்தது. ஆனால் கேப்ஸ்யூலைப் பிரித்து அளந்தபோது, 100 மில்லிகிராம் என்று போட்டிருந்ததில் இருந்தது சுமார் 6 தான்.

குறைவாக இருந்தால் காசு போகும், அவ்வளவுதான். சொல்லாமல் சேர்த்திருந்தால்? கொலோன் நகரிலுள்ள ஊக்கமருந்து ஆய்வுக்கூடம் 13 நாடுகளிலிருந்து 634 டப்பாக்களை வாங்கிப் பார்த்து 2004-ல் வெளியிட்டது. 94-ல் லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு. ஆறேழு டப்பாவுக்கு ஒன்று, சேகர்! அதனால், ஒன்றும் செய்யாத பவுடரைவிட, பிரமாதமாக வேலை செய்யும் பவுடரைக் கண்டால்தான் எனக்கு இப்போது நடுக்கம்.

உன் பையனுடையது வெறும் புரோட்டீனாகவே இருக்கலாம். இருந்தாலும் டப்பாவைத் தூக்கி எறியாதே, லேபிளைப் படம் பிடித்து அனுப்பு. இந்த வாரமே கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடு. அவனைத் திட்டாதே. கார்த்தி திட்டுக்குப் பயந்துதான் பதினைந்து நாள் அரிப்பை மறைத்தான். ஞாயிறு காலை கூப்பிடுகிறேன், அவனையும் பக்கத்தில் உட்காரவை. கார்த்தியே பேசுகிறேன் என்கிறான்.

உன்,
ரவி